குறையில்லாத கத்தி

மடக்குக் கத்தி வாங்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதலில் கைப்பிடியின் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். அதில் தப்பில்லை, செருப்புக் கடையிலும் அப்படித்தானே. ஆனால் கருவிக் கடையின் கவுண்டரில் பத்தொன்பது வருடம் நின்றவள் நான். நிறத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

முதலில் மடக்கியபடியே வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். அலகு கைப்பிடியின் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு திறந்து, பூட்டு விழுகிற சத்தத்தைக் கேட்க வேண்டும். அலகின் முதுகை மரப்பலகையில் நாலு தட்டுத் தட்ட வேண்டும். மட்டமான பூட்டாக இருந்தால் மூன்றாவது தட்டிலேயே விட்டுக்கொடுத்து, விரல் மேல் மடங்கும்.

ஐயா, அந்தக் கத்தியைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள் என்று கேள்விப்பட்டேன். பூட்டு தளர்ந்திருக்கும், திருகு கழன்றிருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். ஒன்றும் இருந்திருக்காது. நான் மூன்று நாள் பார்த்துத் தேர்ந்தெடுத்த கத்தி அது.

பாப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். பாப்பா என் தங்கை. இருபத்தொன்பது வயதாகிறது, ஆனாலும் எனக்குப் பாப்பாதான். அவளுக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது பத்தொன்பது. தலை வாரிவிட்டதும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டதும், பள்ளிக்கூடத்துப் படிவங்களில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். வளர்ந்த பிறகும் எந்தப் படிவம் வந்தாலும் என்னிடம் நீட்டிவிடுவாள். "நீயே எழுதிடு அக்கா, எனக்கு இதெல்லாம் வராது" என்பாள். எனக்கு அது பிடிக்கும்.

அவள் வீட்டுக்காரரும் எங்களோடு அதே வீட்டில்தான் ஆறு வருடம் இருந்தார். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைக்கிற வேலை. நல்ல மனிதர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். எனக்கு முழங்கால் வலி என்றால் பாப்பாவுக்கு முன்னால் அவர் தைலத்தோடு வந்து நிற்பார். வீட்டில் ஒரே சிரிப்பாக இருக்கும்.

"பதினஞ்சாவது மாடியில தொங்கும்போதுகூட பயமில்ல அக்கா. உங்க தங்கச்சி சமையல வாயில வைக்கும்போதுதான் உசுரு போய் உசுரு வருது."

"அப்போ அங்கேயே தொங்குங்க. சாப்பாட வாளியில கட்டி அனுப்பறேன்" என்பாள் பாப்பா.

"அனுப்பு. அதான் ரெண்டாவது கயிறு இருக்கே."

அந்த இரண்டாவது கயிறு, ஆளைக் காப்பாற்றுவதற்காகக் கட்ட வேண்டியது. அதில் தண்ணீர் வாளியைத் தொங்கவிடுவதுதான் அவர்கள் வழக்கம் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது அதை ஒரு தகவலாகத்தான் மனதில் வைத்தேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். "சூப்பர்வைசர் ஆயிட்டேன் அக்கா. இனிமே தரையில நின்னு மேல பாத்துக் கத்துறதுதான் வேலை." வேலை வேறு ஊரில். ரயிலில் ஒரு முழு நாள் தூரம். நான்கு வாரத்தில் கிளம்ப வேண்டும்.

"நீயும் எங்களோட வந்துடேன் அக்கா" என்றாள் பாப்பா. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அவர் தலையாட்டிய பிறகுதான் சொன்னாள்.

மறுநாள் மேசையில் முகவரி மாற்றப் படிவம் கிடந்தது. எல்லாக் கட்டங்களையும் அவளே நிரப்பியிருந்தாள். ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை. அதை நான் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

அந்த வாரம் மாப்பிள்ளையின் பழைய கத்தி காணாமல் போனது. முனை மழுங்கலாக, ரம்பம் போன்ற பற்களும் தேய்ந்துபோய் இருக்கும் கத்தி. கயிற்று வேலைக்காரர்களுக்கென்றே செய்வது. அவருடைய சட்டையின் இடது ஓரம், இடுப்பில் கயிறு ஓடுகிற கிளாம்பில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிக்கும். அந்தக் கத்தியால் துணியை அறுத்து விடுபடுவார். வீட்டில் தையல் என் வேலை என்பதால் அந்தச் சட்டைகளெல்லாம் என் மடிக்குத்தான் வரும். கிழிசலைப் பார்த்தே அவர் கை எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவேன். மழுங்கல் கத்தியோடு பழகிய கை. கீழிருந்து கயிற்றுப் பக்கமாக, முழுப் பலத்தோடு இழுக்கிற கை.

"அக்கா, என் மொண்ணையப் பாத்தீங்களா?"

"எந்த மொண்ணைய? பக்கத்துல நிக்கறாளே" என்றேன். பாப்பா என் முதுகில் ஒன்று வைத்தாள். மூன்று பேரும் சிரித்தோம்.

போகிற மனிதருக்கு என் நினைவாகப் புதுக் கத்தி நானே வாங்கித் தருகிறேன் என்றேன்.

உறுதியான கத்தியாக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். காரணம் உண்டு. பூட்டு நழுவி விரலை வெட்டினால் லீவு போடுவார். லீவு போட்டால் முன்னதாகவே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். விரலால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரே கையால் திறக்க வேண்டும், இன்னொரு கை எதையாவது பிடித்திருக்குமே. ஈரத்தில் வழுக்காத கைப்பிடி வேண்டும். பாதி வழியில் தவறி விழுந்துவிடக் கூடாது என்று மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள நாடாவும் கட்டினேன். பற்கள் இல்லாத, வழவழப்பான அலகாக எடுத்தேன். சாணைக்கல்லில் நானே தீட்டினேன், என் கை முடியை மழிக்கிற வரைக்கும்.

இரண்டு வருடம் முன்பு கயிறு விற்க வந்த ஒரு ஆள் எங்கள் கடையில் ஒன்று செய்து காட்டினார். சும்மா கிடந்த கயிற்றைக் கத்தியால் நாலைந்து தடவை அறுத்தார், பாதிதான் போனது. பிறகு அதே கயிற்றில் ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டு அலகால் லேசாகத் தொட்டார். மூட்டை தரையில் விழுந்து தூசி பறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மாப்பிள்ளை புதுக் கத்தியைத் திறந்து பார்த்து, "ரொம்ப கூரா இருக்கே அக்கா" என்றார்.

"கூரான கத்திதான் மாப்பிள்ளை பாதுகாப்பு. மொண்ணைக் கத்திதான் வழுக்கிக் கைய வெட்டும்." நான் சொன்னது பொய் இல்லை. சமையலறையில் அது முழுக்க உண்மை.

"கத்தியப் பத்தி அக்கா சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன் ஐயா. அவர் மெதுவாக இழுத்திருக்கலாம். சட்டை சிக்காமலே போயிருக்கலாம். எல்லாவற்றையும் அவர் கைக்கே விட்டுவிட்டேன். ஆனால் ஐந்து நாள் போயும் ஒன்றும் சிக்கவில்லை. காலண்டரில் அவருக்கு இன்னும் எட்டு வேலை நாள்தான் இருந்தது. அதற்குப் பிறகு தரையில் நிற்பார். ஆறாம் நாள் அவருடைய வேலைச் சட்டைகள் நான்கையும் எடுத்து, இடது ஓரத்தை மட்டும் இரண்டு அங்குலம் இறக்கித் தைத்தேன். ஒரே நிற நூல். இரட்டைத் தையல். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

எட்டாம் நாள் காலை பத்தரைக்குக் கடைக்குப் போன் வந்தது. அப்போது ஒருவருக்குச் சுத்தியல் காட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு பில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சிக்கிய சட்டையை அறுத்த வேகத்தில் கயிறும் அறுந்து, பதினோராவது மாடியிலிருந்து விழுந்திருக்கிறார். நாடா மணிக்கட்டிலேயே இருந்தது. கத்தியில் பூட்டு அசையவில்லை, அலகு வளையவில்லை. இதோ உங்கள் மேசையில்தான் இருக்கிறது, பாருங்கள். வாங்கினால் இப்படி ஒன்றைத்தான் வாங்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான்கு நாள் பாப்பா என் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். தலை வாரிவிட்டேன். கஞ்சியை ஊட்டிவிட்டேன். ரயில் டிக்கெட்டை என்ன செய்வது என்று அவள் கேட்டபோது, "அதையெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ தூங்கு" என்றேன். ஆறு வருடமாக என் வீட்டில் இல்லாத ஒரு அமைதி திரும்பி வந்திருந்தது.

ஐந்தாம் நாள் நான் கடைக்குப் போயிருந்தபோது அவருடைய சட்டை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பொத்தான் ஒன்று தொங்கியதாம். ஊசி எடுக்க என் தையல் டப்பாவைத் திறந்திருக்கிறாள். நூல்கண்டுகளுக்கு அடியில் பழைய கத்தி இருந்தது. பிறகு மடியில் இருந்த சட்டையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அளவு எடுக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

அவள் எழுதிக் கொடுத்த நான்கு பக்கத்தையும் காட்டினீர்கள். அவள் கையெழுத்துதான். அடித்தல் திருத்தல் இல்லை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள், பாவம். அவளுக்கு இதெல்லாம் வராது. அந்த டிக்கெட் தேதியிலேயே, தனியாகவே ரயில் ஏறிவிட்டாள் என்றும் சொல்கிறீர்கள். இருக்கலாம். குழந்தைகள் கோபித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போகும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில், ஆமாம். நான்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். பாப்பா திரும்பி வந்தால், வீட்டுச் சாவி மீட்டர் பெட்டிக்கு மேலே வழக்கமான இடத்தில்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். பசியோடு வருவாள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?