தலையாட்டிக்குக் குடுத்த நடை

காலமை பாணும் மீன்குழம்பும்தான் எனக்கு நெடுகச் சாப்பாடு, பொலிஸ் ஐயா. நேற்றும் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிட்டுவைச்சிட்டுத்தான் நிலாந்தினி வீட்டுக்குப் போனனான்.

பேர் குருசுமுத்து. கடற்தொழில். படிப்பு மூண்டாம் வகுப்பு. ஒருத்தரையும் லேசிலை நம்பமாட்டன். அவளை நம்பினனான்.

அவள் படம் கீறுற பிள்ளை. கரம்பொனிலை வீடெடுத்து, தனியாளாய்க் கார்ட்டூன் படம் ஒண்டு செய்தவள். சண்டைக்காலத்திலை ஆமி எங்களைச் சுற்றிவளைச்சுக் கோயில் வளவிலை இருத்தின கதை. அறுபது பேர் சனம். ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு தாள் வேணுமாம். அறுபது பேரையும் தனித்தனியாய்க் கீறினாள்.

"ஒராளைக் கீறிப்போட்டு மற்றாக்களுக்குச் சட்டையை மாத்திவிடன், பிள்ளை" எண்டனான்.

"அப்ப அது சனமில்லை, அப்பு. ஆட்டுப்பட்டி."

ஊராக்களை முற்றத்திலை நடக்கவிட்டுப் பார்த்துத்தான் கீறுவாள். யூலியானா நடந்தவள், அண்டைக்குப் பிடிபட்டுப் போன அவளின்ரை புருசன் திரும்பி வரேல்லை. நானும் நடந்தனான். எனக்கு இடக்கால் இழுக்கும். சனத்துக்கை என்னையும் ஒராளாய் இருத்துறன் எண்டு வாக்குத் தந்தவள்.

போன கிழமை கொம்பியூட்டரிலை காட்டினாள். சனத்துக்கை நான் இல்லை. பிறகு தலையாட்டி வாறான், சாக்கைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, ஆரைப் பிடிக்கிறதெண்டு ஆமிக்குத் தலையை ஆட்டிக் காட்டிக்குடுக்கிறவன். இடக்காலை இழுத்து இழுத்து வாறான்.

அண்டைக்குத் தலையாட்டி நடக்கேல்லை, ஐயா. ஜீப்புக்குள்ளை இருந்தவன். ஊருக்கே தெரியும்.

"உது ஆற்றை நடை?"

"உங்கடைதான். எல்லாரும் பார்க்கிறது அவனைத்தானே, அதுதான் திறமான நடையை அவனுக்குக் குடுத்தனான். கோவமே, அப்பு?"

ஒண்டும் தெரியாத மாதிரிச் சிரிச்சாள். தெரியாமல் ஒருத்தியும் அப்பிடிக் கீறமாட்டாள்.

"மாத்து."

"ஏலாது அப்பு. நாலு மாசம் கீறினது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் காட்டுறன், நீங்கள்தான் முன் கதிரையிலை."

கடற்கரையிலை தூரத்திலை வாறவனை நாங்கள் நடையிலைதான் மட்டுக்கட்டுறது. யூலியானா பார்த்தால், சாக்குக்குள்ளை இருக்கிறது ஆரெண்டு உடனை சொல்லிப்போடுவாள்.

அதாலைதான் நேற்று, வெள்ளிக்கிழமை மத்தியானம் போனனான். வெளிச்சம் வரக்கூடாதெண்டு யன்னலெல்லாம் பூட்டி, காதிலை பாட்டு மாட்டிக்கொண்டு கீறிக்கொண்டிருந்தாள். முன்னறை முழுக்கத் தாள். மண்ணெண்ணெய் என்ரை வள்ளத்துக்கு வாங்கினது. முன்கதவுக்கு வெளியாலை கொழுக்கி போட்டதும் நான்தான். பின்கதவுக்கு முண்டு குடுத்ததும் நான்தான். யன்னலைத் திறந்து கம்பிக்குள்ளாலை என்னைக் கண்டவள். "அப்பு" எண்டுதான் கூப்பிட்டவள். வேறை ஒருத்தரையும் கூப்பிடேல்லை. கூரை விழுமட்டும் வேலியடியிலை நிண்டனான்.

பாவம்தான். ஆனால் வாக்குத் தந்துபோட்டு ஏமாத்தினது அவள். எல்லாம் நடந்தபடி கீறுறன் எண்டு ஊருக்குச் சொன்னவள், ஐயா. தலையாட்டியைப் பதினாலு தரம் ஆட்டவைச்சிருக்கிறாள். நான் பதினொரு தரத்துக்கு மேலை ஆட்டேல்லை.