பகட்டுச் சேலை

– கண்ணுக் கட்டைப் பிரிச்சுட்டாங்கன்னு ரொம்ப முழிக்காதீங்க. கறுப்புக் கண்ணாடியப் போடுங்க.

– போட்டா நெறம் போயிடுது, சின்னபொண்ணு. கொஞ்சம் இரு. அந்தப் புளியமரத்துல இலை தனித்தனியா இருக்குது.

– எப்பவும் அப்படித்தான் இருக்குது.

– எனக்குப் பச்சையா ஒரு மூட்டையாத்தான் இருந்துச்சு.

– புரை முத்திப்போச்சுன்னு டாக்டரம்மா திட்டுனாங்க இல்ல. கண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு வருசக்கணக்கா சாதிச்சீங்க.

– அதோ இண்டூர் பஸ்சு. எழுத்தே தெரியுது.

– கூட்டமா இருக்குது. அடுத்ததுல போவலாம். உக்காருங்க.

– ஏ புள்ள, இந்தப் பக்கம் திரும்பு. இதென்ன சேலை?

– சேலைதான்.

– யப்பா. கல்லு, ஜிகினா, கண்ணாடிச் சில்லு. எனக்கு ஒரே மினுக்காத்தான் தெரிஞ்சுச்சு, இப்ப ஒவ்வொண்ணும் தனியா எரியுது. ஒகேனக்கல் தண்ணியில உச்சி வெயில் விழுந்தா இருக்குமே, அப்படி. இதையா கட்டிக்கிட்டு சுத்துற?

– இதை. இல்லன்னா அந்த மஞ்சளை. அதுல இன்னும் அதிகம்.

– மாதையன் பொண்டாட்டி பகட்டுக்காரின்னு டீக்கடையில பேசுவாங்க. வயித்தெரிச்சல்னு நெனச்சேன்.

– எங்கிட்ட நேராவே சொல்லியிருக்காங்க.

– உனக்கு ரோசம் வரல?

– பொங்கலுக்கு மாட்டுக் கொம்புல ஜிகினா சுத்துறாங்க. தேருக்குச் சுத்துறாங்க. அதெல்லாம் அழகு. அம்பது வயசுப் பொம்பள கட்டினா மட்டும் அதுக்குப் பேரு பகட்டு.

– தப்புன்னு சொல்லல. பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்குது. ஆனா நம்ம சரத்து கல்யாணத்துக்கு வேணாம். பையன் போன வாரமே எங்கிட்ட கெஞ்சினான். பொண்ணு வூட்டுக்காரங்க சிரிப்பாங்களாம்.

– தெரியும். அரக்குல ஒரு நூல் சேலை எடுத்து வெச்சிருக்கேன். இனிமே அதுதான்.

– சொன்ன ஒடனே சரின்னுட்ட. ஊரே சொல்லியும் வுடலையே நீ.

– இனிமே எதுக்குங்க.

– கல்யாணம் கட்டிக்கிட்டு வந்தப்ப நீ பூப்போட்ட சேலைகூடத் தொட மாட்ட. இந்தப் பழக்கம் எப்ப வந்துச்சு உனக்கு?

– பாப்பாரப்பட்டிச் சந்தையில நான்னு நெனச்சு வேற ஒருத்தி பின்னால பஸ்சு ஏறிட்டீங்களே. அதுக்கு அடுத்த வாரம்.