வீட்டுக்காரர்கள் கீழே இருக்கிறார்கள்

ஐயா, அந்த வீட்டுக்கு நீங்கள் மறுபடி போவதாக இருந்தால் படிகளில் சுவரோரமாக இறங்குங்கள். நடுப்பகுதி தேய்ந்து வழுக்கும். சுற்றிப்பார்க்க வருகிற எல்லோரிடமும் முதலில் நான் சொல்வது இதைத்தான். என் காலத்தில் அங்கே ஒருவர்கூட விழுந்து அடிபட்டதில்லை.

அந்தக் காலத்து ரோமர்கள் எங்கள் ஜெந்தூபா ஊர் வெயிலுக்குப் பயந்து தரைக்கு அடியில் கட்டிய வீடு அது. மேலே அனல் பறக்கும் ஆகஸ்டிலும் கீழே சாப்பாட்டு அறையில் நின்றால் மேல்சட்டையைத் தேடத் தோன்றும். அந்த அறையின் தரையில்தான் லல்லா இருக்கிறாள். வண்ணக் கல் துண்டுகளைப் பதித்துச் செய்த பெண். முடியில் நண்டுக் கொடுக்குகள், இரு பக்கமும் துள்ளும் மீன்கள். படித்தவர்கள் அவளுக்கு ஏதோ கடல் தேவதையின் பெயரைச் சொல்வார்கள். பெரிய இடத்துப் பெண்ணை எங்கள் பக்கம் லல்லா என்போம். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

காய்ந்து கிடக்கும்போது அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது, சாம்பல் பூத்திருக்கும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் நீலம் நீலமாகும், உதடு சிவக்கும், கண்கள் நம்மைப் பார்க்கும். அப்போது வந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுப்பார்கள். அந்த ஓசைக்காகத்தான் தினமும் காலையில் எழுந்தேன். எங்கள் நாட்டில் இந்த மாதிரி இடங்களில் வேலை பார்ப்பவன் எவனும் தண்ணீர் ஊற்றாமல் தரையைக் காட்ட மாட்டான். என் மனைவி போன பிறகு வீட்டில் எனக்குப் பேச ஆளில்லை, பேச்செல்லாம் அங்கேதான்.

ரௌதாவைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தரைகளைப் பழுதுபார்க்கத் தலைநகரிலிருந்து அனுப்பினார்கள். தங்கமான பெண். கைருவானிலிருந்து பேரீச்சம்பழ இனிப்பு வாங்கி வந்தாள். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டு ஆலிவ் காய்கள் வாங்கி வந்தாள். வந்த புதிதில் ஒரு நாள் மண்டியிட்டு, லல்லாவின் கன்னத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். உள்ளே வெறும் கூடாக இருப்பதுபோல் சத்தம் கேட்டது. கல்லைப் பிடித்திருந்த சுண்ணாம்பு கரைந்து போயிருக்கிறது என்றாள்.

"பூபக்கர் மாமா, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஊத்துற தண்ணிதான் இவளக் கொல்லுது."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. நான் கோபக்காரன் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பிறகு அவள் முடிவைச் சொன்னாள். தரைமேல் துணி விரித்து, அறை முழுக்க மண்ணைக் கொட்டி, வாசலை அடைத்துவிடுவார்களாம். என்றைக்காவது நல்ல வழி தெரிந்தவர்கள் வந்து தோண்டி எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு நுழைவாயிலில் சீட்டுக் கிழிக்கும் வேலையைப் பேசி வைத்திருந்தாள். நல்ல மனசோடு செய்ததுதான்.

நான் கெஞ்சினேன். தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறேன், வெள்ளிக்கிழமை மட்டும் ஊற்றுகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மண்ணு மாதிரி நல்ல போர்வை கெடையாது மாமா. இத்தன காலம் அதுக்குள்ளதான தூங்குனா."

கண்ணைத் திறந்துகொண்டிருக்கிற ஒருத்தியின் மேல் மண்ணைக் கொட்டுவதை எங்கள் ஊரில் போர்வை என்று சொல்வதில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். வேலையாக இதைச் செய்கிறவர்களுக்குப் பழகிவிடும்.

மண் லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. வருவதற்கு முந்தின நாள் காலை, கீழே தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றாள். அந்தக் காலத்து மழைநீர்த் தொட்டி, சாப்பாட்டு அறைக்கு நேர் கீழே இருக்கிறது. தரை மூலையில் உள்ள துளை வழியாக நான் ஊற்றும் தண்ணீர் அங்கேதான் போய்ச் சேரும். நடையில் இரும்பு மூடி. பிள்ளைகள் திறந்துவிடக் கூடாதென்று நாங்கள் போட்ட கொண்டி. கைவிளக்கோடு ஏணியில் இறங்கினாள். மூடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்துக்கொண்டேன்.

"நெனச்சதவிட மோசம் மாமா, எல்லாம் ஊறிக் கெடக்கு. நாளைக்கே கொட்டிரலாம்," என்றாள் கீழிருந்து.

மூடியைப் போட்டேன். டமாரென்று போடவில்லை, அவள் பயந்துவிடக் கூடாதே என்று மெல்ல இறக்கிக் கொண்டியை மாட்டினேன். இருட்டில் அடைபட்டுக் கிடப்பது எப்படி இருக்கும் என்று கொஞ்ச நேரம் தெரிந்துகொண்டால் மனம் மாறுவாள் என்று எண்ணினேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஸூஸிலிருந்து ஆசிரியர்கள் பேருந்தில் வந்துவிட்டார்கள். முடித்துவிட்டுத் திறக்கலாம் என்று அவர்களை அழைத்துக்கொண்டு இறங்கினேன். லல்லாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் கீழே தட்டும் சத்தம். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் தரையைப் பார்த்தார்.

"யாரோ அடியில தட்டுறாங்களே?"

"வீட்டுக்காரங்க. வாடகை பாக்கியாம்," என்றேன்.

"நம்ம நாட்டுல செத்தவன்கூட வாடகைய விட மாட்டான்," என்றார் பின்னாலிருந்த கணக்கு வாத்தியார். அறையே சிரித்தது. தண்ணீரை ஊற்றினேன். லல்லா கண் விழித்தாள், கீழே தட்டினார்கள், எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். என் ஆயுளில் அப்படி ஒரு குழு அமைந்ததில்லை, ஐயா. வெளியே போகும்போது ஒருவர் விடாமல் என் கையைக் குலுக்கினார்கள்.

அவர்கள் போனதும் திறந்திருக்கலாம். அதற்குள் தபர்க்காவிலிருந்து இரண்டு குடும்பங்கள் வந்தன. அடுத்து இன்னொரு பேருந்து. நுழைவாயிலில் இருந்தவர்கள் அவளைத் தேடிக் கேட்டபோது, ரௌதாவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போய்விட்டாள், அவள் திரும்பும்வரை மண் லாரியை நிறுத்தி வைக்கச் சொன்னாள் என்றேன். லாரிக்காரன் சலித்துக்கொண்டே போனான்.

அவளை நான் கவனிக்காமல் விடவில்லை. மூலைத் துளையிலிருந்து குரல் வந்தால் கேட்பவர்களின் கவனம் சிதறும் என்பதால் என் மேல்சட்டையை மடித்து அதில் அடைத்து வைத்திருந்தேன். தண்ணீர் ஊற்றும்போது மட்டும் எடுத்துவிடுவேன். அவள் தாகத்தில் தவித்தாள் என்று உங்கள் மருத்துவர் எழுதியிருந்தால் அதைத் திருத்தச் சொல்லுங்கள்.

மறுநாள் சட்டையை எடுத்தபோது, ஆள் யாரும் இல்லாத நேரம், அவள் பேசினாள். குரல் கம்மிப் போயிருந்தது.

"மாமா, மண்ணு போட வேணாம்னு எழுதிக் குடுத்துர்றேன். அம்மாமேல சத்தியம். தெறங்க மாமா."

நான் கேட்டது அதைத்தான். அது கிடைத்துவிட்டது. திறந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் பயத்தில் இருப்பவர்கள் எதையும் சொல்வார்கள். வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டதும் மாறிவிடுவார்கள். அதோடு, படியில் காலடிச் சத்தம் கேட்டது. பேஜாவிலிருந்து ஒரு பெரிய குழு. வாசலிலேயே, தட்டுகிற வீடு இதுதானா என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்கள். நான் சட்டையை மறுபடி அடைத்தேன்.

சில நாள் கழித்து அவள் அண்ணன் தேடி வந்தபோது மூடியைத் திறந்து காட்டியது நான்தான். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அடைத்தேன், திறக்கவில்லை, அவள் செத்துப் போனாள். இதில் நான் மறுக்க ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. அவள் அண்ணன் வந்ததற்கு முந்தின நாள், கண்ணாடி போட்ட ஆசிரியை அம்மாளின் தங்கை, அக்கா சொல்லிக் கேட்டு, கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் வந்திருந்தார். தண்ணீரை ஊற்றினேன். எல்லோரும் காத்திருந்தார்கள். கீழே சத்தமே இல்லை. அந்தப் பெண்ணின் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல், யாரும் கவனிக்காதபடி என் குதிகாலால் இரண்டு முறை தட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அந்த வீட்டுக்குள் நின்று நான் செய்த ஒரே தப்பு அதுதான், ஐயா.