துரைக்குக் கட்டிய தோரணம்

வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்குப் போன, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு மணியக்காரரும் அவர் மச்சினரான வாத்தியாரும் இருந்தார்கள். என் தோளில் யாரோ ஒரு பெரியவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

"கலெக்டர் துரை வர்றப்ப பெஸ்டூன் கட்டணும்னு உத்தரவு வந்துச்சே, அதுக்கு என்ன மாப்ள அர்த்தம் சொன்ன?" என்று கேட்டார் மணியக்காரர்.

"தோரணம்னு சொன்னேன் மச்சான். இத்தாலிக்காரன் விருந்துக்குச் சொல்ற வார்த்தையில இருந்து பொறந்தது. விருந்து நடக்கிற எடத்துல தொங்கவிடுறது."

"அம்புட்டையும் சொல்லியிருக்கணும்ல? நான் வெறும் தோரணம்னு ஆள் விட்டேன். வந்தவன் பாடை கட்டுறவன். கைப்பழக்கத்துல ஓலையச் சாவு வீட்டு மடிப்பா மடிச்சுக் கட்டிட்டான். அதப் பாத்துப் பொம்பளைக மாரடிச்சுக்கிட்டு வந்துட்டாக. துரை தொப்பியக் கழட்டிட்டு, யாரு செத்ததுன்னு கேட்டாரு."

"நெசத்தைச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா என் மணியம் போயிரும். மாமனாருன்னுட்டேன்."

"எங்கப்பாவயா?"

"இன்னைக்குச் சாயங்காலம் துரை துக்கம் கேக்க வீட்டுக்கு வாராராம். அதுக்குள்ள நான் ஊரு திரும்பணும்."

"அதுக்குத்தான் அவர அவசரமா பஸ் ஏத்துனீகளா?"

அந்த நேரம் பார்த்து என் தோளில் குறட்டை நின்றது. மூச்சு வருகிறதா என்று பெரியவரின் மூக்கருகே விரலைக் கொண்டுபோனேன். மூச்சு நன்றாகவே வந்தது.

மணியக்காரர் திரும்பினார். "மாமா, துரை போற வரைக்கும் மதுரையிலயே இருங்க."

பெரியவர் கண்ணைத் திறக்கவில்லை.

"எம்புட்டு நாளைக்கு வேணும்னாலும் செத்துக் கெடக்கேன் மாப்ள. அந்த இத்தாலிக்காரன் விருந்த மட்டும் அங்கன அனுப்பி வைங்க."