அளவுக் கோட்டுக்கு மேலே

— மறுபடியும் சொல்றேன் மெக்கானிக்கம்மா. எஞ்சினை இறக்கு. காயலாங்கடைக்கு அனுப்பு. அவ்வளவுதான்.

— அப்பா, காலையிலேர்ந்து அதுக்குள்ளதான் கையை விட்டுக்கிட்டு கிடக்கேன். நாலு சிலிண்டர்லயும் அழுத்தம் பாத்தாச்சு. வயசுக்குத் தக்க குறைஞ்சிருக்கு, சாகல. பிஸ்டன் ரிங் மாத்தினா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்.

— ஓடாது.

— நீங்க சொன்னா நின்னுடுமா?

— நான் ஓட்டின வேன். அது என்ன நெனைக்குதுன்னு எனக்குத் தெரியும். நீ போன வருஷம் பட்டறை திறந்தவ.

— போன வருஷம் திறந்தவகிட்டதான் இந்தத் தெருவுல பாதி வண்டி வந்து நிக்குது.

— பாரு, நீயே நிக்குதுன்னுதானே சொல்றே. ஓடுதுன்னு வாய் தவறிக்கூட வரல.

— பேச்சை மாத்தாதீங்க. திங்கக்கிழமை ஸ்கூல் பசங்க பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. அவங்க அம்மாங்களுக்கு என்ன பதில் சொல்வீங்க?

— எஞ்சின் போச்சு, வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு சொல்வேன்.

— அந்த வாண்டுங்களை விட்டுட்டு உங்களுக்குச் சோறு எறங்குமா? காய்ச்சலோட எந்திரிச்சுப் போன ஆளு நீங்க.

— அதெல்லாம் அப்போ. புகையைப் பாத்தியா இல்லியா? அடுப்பு கெட்டுது போ!

— பாத்தேன். ஏன்னும் பாத்தேன். ஆயில் அளவு பாக்கற கம்பியை உருவினா, கோட்டுக்கு மேல நாலு விரல் நிக்குது. அவ்வளவு ஊத்தினா புது எஞ்சினே புகை கக்கும்.

— ஓஹோ.

— என்ன ஓஹோ? யாரு ஊத்தினது?

— நான்தான். வேற எவன் நம்ம வண்டியைத் தொடுவான்?

— சின்ன வயசுல கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு விழுந்துடுச்சுன்னு என் மண்டையில குட்டினவர் நீங்க.

— வேணும்னேதான் ஊத்தினேன்.

— என்னது?

— காது கேக்கலியா? வேணும்னே ஊத்தினேன். கெட்டுப் போய்த் தொலையட்டும்னு.

— அப்பா, விளையாடாதீங்க.

— எவன் விளையாடறான்? சலிச்சுப் போச்சும்மா. எஞ்சின் போய் வண்டி நின்னா அது மரியாதையா நின்ன மாதிரி. நாலு பேர் வந்து, ஐயோ பாவம், எவ்வளவு உழைச்ச வண்டின்னு சொல்லிட்டுப் போவாங்க.

— தினமும் குழந்தைக்குத் தலை துவட்டற மாதிரி துடைப்பீங்களே. அதைப் பாத்து அம்மா பொருமாத நாள் கிடையாது. அதைக் கொல்லவா பாத்தீங்க? வெக்கமா இல்ல?

— இல்ல. போய் போலீசுல சொல்லு.

— போன மாசம் நம்ம வீட்டு கேட்டுல வண்டியை உரசினீங்களே, அதுவும் வேணும்னேதானா?

— அது கொத்தனார் பண்ணின வேலை. கேட்டைக் கோணலா வெச்சுட்டுப் போயிட்டான்.

— நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வெச்ச கேட்டு. போன மாசம்தான் கோணிக்கிச்சா?

— வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ. என் காசாவது உருப்பட்டிருக்கும்.

— என்ன வேணா திட்டிக்கோங்க. ஆயிலை வடிச்சாச்சு. ரிங்கும் மாத்தத்தான் போறேன். திங்கக்கிழமை வண்டி கிளம்பும், நீங்கதான் ஓட்டுவீங்க.

— மாட்டேன். என் வண்டி, என் இஷ்டம். தள்ளு. கதவைத் திற.

— எங்க ஏறுறீங்க?

— என் சீட்டுல உக்கார உன்னைக் கேக்கணுமா? இந்த எஞ்சின் எவ்வளவு உழைச்சிருக்குன்னு தெரியாமப் பேசறே. நானே படிச்சுக் காட்டறேன்.

— அப்பா, இருங்க, அங்க...

— நீ இரு. இதோ பாரு, மீட்டர் கண்ணு முன்னாடி சொல்லுது. மூணு லட்சத்து நாப்பத்தோராயிரத்து அறுநூறு கிலோமீட்டர்! இதுக்குப் போய் ரிங் மாத்துவாளாம். இப்ப சொல்லு.

— அப்பா...

— என்ன, இப்பவாவது ஒத்துக்கறியா மெக்கானிக்கம்மா?

— மீட்டரைக் காலையிலேயே கழட்டி மேஜை மேல வெச்சுட்டேன்பா. உங்க முன்னாடி இருக்கறது வெறும் ஓட்டை.