வெளிப்பக்கம் தொங்கிய பூட்டு

...கட்டடத்தைப் பற்றிச் செயலாளர் எல்லாம் சொல்லிவிட்டார். நான் பெரிய பேச்சாளன் இல்லை. ஒரு சின்னக் கதை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். இந்த விழாவுக்குப் பொருந்துமா என்று எனக்கே சந்தேகம்தான். பொருந்தவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்த சட்டக் கல்லூரியில் மரகதவல்லி என்று ஒரு பேராசிரியை இருந்தார். சின்ன வயதில் போலியோ. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம்தான் அவர் பாடம். அவர் வாழ்க்கையும் அதுதான். எத்தனை கட்டுரை... எத்தனை வழக்கு... எங்கள் கல்லூரி மேலேயே வழக்குப் போட்டவர் அவர். எதற்கு? சக்கர நாற்காலி உள்ளே போகிற மாதிரி ஒரு கழிப்பறைக்கு. வருடக்கணக்கில் அலைந்தார். நீதிமன்றம் உத்தரவு போட்டது. கட்டினார்கள். திறப்பு விழா நடந்தது. எல்லோரும் கை தட்டினோம்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும், இல்லையா? முடியவில்லை.

ஃபர்சானா என்று ஒரு மாணவி வந்து சேர்ந்தாள். சக்கர நாற்காலியில் வருவாள். கெட்டிக்காரி. ஒருநாள் மத்தியானம் வகுப்பிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் சிறுநீரகத்தில் தொற்று என்றார். இந்தப் பெண் தண்ணீரே குடிப்பதில்லையா என்று கேட்டார். அவள் அம்மா அழுதுகொண்டே சொன்னார்: "படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம் மேடம். எனக்கு எம் பொண்ணு உசுரோட இருந்தாப் போதும்."

மரகதவல்லி அம்மா, "ஒரு வாரம் பொறுங்கம்மா" என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, பெண்ணிடம் திரும்பினார்.

"ஏம்மா தண்ணி குடிக்கல?"

"குடிச்சா போகணுமே மேடம்."

"போறதுக்குத்தானே அங்க கட்டி வச்சிருக்கு?"

"பூட்டியிருக்கு மேடம்."

"சாவி?"

"ஆபீஸ்ல... அங்க எல்லாரும் ஆம்பளைங்க மேடம். ஒவ்வொரு தடவையும் போயி, சார், சாவி குடுங்கன்னு... அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பாங்க."

பக்கத்தில் நின்றிருந்தேன். மரகதவல்லி அம்மா கோபப்படவில்லை. களைத்துப் போனவர் மாதிரி அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்... அவ்வளவுதான்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். கண்காணிப்பாளர் தெய்வநாயகம். கெட்டவர் இல்லை. இதை நான் கட்டாயம் சொல்ல வேண்டும், அவர் கெட்டவர் இல்லை. எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"சார், அந்தக் கதவை ஏன் பூட்டி வச்சிருக்கீங்க?"

அவர் முகமெல்லாம் சிரிப்பு! "பின்னே? திறந்து போட்டா கண்டவனும் போயி நாறடிச்சிருவானே மேடம்! நீங்க கோர்ட்டுக்கு நடந்து வாங்கினது. வந்து பாருங்க, ஒரு டைல்ஸ்ல கீறல் இல்ல. அன்னைக்கு எப்படி இருந்துச்சோ இன்னைக்கும் அப்படியே!"

"உங்க அறைக்குப் பக்கத்துல உங்களுக்கு ஒண்ணு இருக்கே. அதுக்குப் பூட்டு போட்டிருக்கீங்களா?"

"அதுக்கு எதுக்கு மேடம் பூட்டு? உள்ளே தாழ்ப்பாள் இருக்குல்ல?"

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மரகதவல்லி அம்மா மெதுவாகச் சொன்னார்: "எங்களுக்கும் அது போதும் சார். தாழ்ப்பாள் உள்ளே இருக்கட்டும். வெளியே பூட்டு வேண்டாம்."

தெய்வநாயகமே எழுந்து போய்ப் பூட்டைக் கழற்றினார். ஃபர்சானா திரும்பி வந்தாள். வந்த அன்று, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள்... திறந்தாள்... மடக் மடக்கென்று குடித்தாள். மரகதவல்லி அம்மா பாடத்தைப் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். பாட்டில் காலியாகும்வரை நிறுத்தியிருந்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அடுத்த திங்கட்கிழமை? அதே கதவில் புதுப் பூட்டு!

"துப்புரவுக்கு ஆள் மாறிட்டாங்க மேடம், அவங்க மாட்டிட்டாங்க" என்று தலையைச் சொறிந்தார் தெய்வநாயகம். கழற்றினார். சில மாதம் கழித்து இன்னொரு பூட்டு. அதையும் கழற்றினார். அதிலிருந்து ஓய்வு பெறும்வரை, திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குப் போகுமுன் அந்தக் கதவைப் போய்ப் பார்ப்பது அந்த அம்மாவுக்கு வழக்கமாகிவிட்டது. ஃபர்சானா படித்து முடித்துப் போன பிறகும் பார்த்தார்.

பிரிவு உபசார விழாவில் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டோம். "அந்தப் பூட்டுகளைக் கொடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தெய்வநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. தாம்பாளத்தில் பொன்னாடை, அதன்மேல் அத்தனை பூட்டும் வைத்து அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். அன்று அந்த அம்மா என்னிடம் சொன்னது: "சட்டம் அந்தக் கதவு வரைக்கும் என்னைக் கூட்டிட்டுப் போச்சு சார். அதுக்கு மேல வாராவாரம் ஒரு ஆள் நடக்க வேண்டியிருக்கு. கால் வலிக்குது."

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? கொடுப்பது ஒன்று. கொடுத்ததற்குச் சாவியை நம் இடுப்பில் செருகிக்கொள்வது வேறொன்று. ஒவ்வொரு முறையும் வந்து கேள் என்றால், அது உரிமையா? கெட்டவர்கள் பூட்டுவதில்லை, அய்யா. பத்திரமாக இருக்கட்டும் என்று நல்லவர்கள்தான் பூட்டுகிறார்கள்.

இன்னும் ஒன்று... சொல்லலாமா, வேண்டாமா என்று இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டே பேசினேன். உள்ளே வரும்போது படிக்கட்டுக்கு இடப்பக்கம் ஒரு கதவைப் பார்த்தேன். சக்கர நாற்காலிப் படம் போட்ட கதவு. அதில் ஒரு பித்தளைப் பூட்டு. புதுசு. சற்று முன் எல்லோருக்கும் மோர் வந்தது. இந்த வெயிலிலும் ஒருவர் வேண்டாம் என்று சொன்னதையும் பார்த்தேன். யார் என்று சொல்ல மாட்டேன்.

சாவி யாரிடம் இருக்கிறதோ... தயவுசெய்து போய்த் திறந்துவிட்டு வாருங்கள். பூட்டை இங்கே கொண்டுவந்து என் மேசைமேல் வையுங்கள். ரிப்பன் பிறகு வெட்டிக்கொள்ளலாம். நான் காத்திருக்கிறேன்.

பூட்டு வந்த பிறகு... மோர் இன்னொரு முறை வரட்டும்.