மாடிக்கம்பத்துச் சிவப்புத் துணி

இந்தத் தூத்துக்குடியில், ஏன், மதராஸ் ராஜதானி முழுவதிலும், தன் மொட்டைமாடிக்குத் தானே சக்கரவர்த்தியாக இருப்பவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஐயா. விசாரணை என்று வந்துவிட்டால் உண்மையிலிருந்து தொடங்குவது நல்லது. உட்காருங்கள். சன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருப்பதால் கொஞ்சம் புழுக்கமாக இருக்கும்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட பிறகு அந்த உத்தரவு வந்தது. கடலைப் பார்த்த வீடுகளில் விளக்கு, கொடி, வர்ணத் துணி என்று கடலிலிருந்து கண்ணில் படக்கூடிய எதுவும் வெளியே இருக்கக் கூடாது. எதிரிக்கு அடையாளமாகிவிடுமாம். என் தகப்பனார் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, வீட்டாரோடு ஸ்ரீவைகுண்டத்துக்கு வண்டி ஏறினார். பாளையங்கோட்டையில் கல்லூரியை மூடியிருந்தார்கள். ஆகவே நான் வீட்டுக்குக் காவல்.

எங்கள் தெரு அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த விதம் பார்க்கச் சகிக்கவில்லை. அரிசிக்கடை அண்ணாச்சி கடைப் பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினார். கிருபாபாய் டீச்சர், பொழுது சாயுமுன் மாடிக்கு ஓடி, காய்ந்தும் காயாத சேலையை உருவிக்கொண்டு இறங்குவார். ஜப்பான் தளபதி அந்தச் சேலையின் கரையைப் பார்த்துத்தான் படையெடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பான் என்று நான் சொன்னேன். என்னோடு படிக்கும் எஸ்றா விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு யாராவது சிரித்தால் போதும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தெருவில் மிஞ்சியது ஒரே ஒரு துணி. சந்துக்கு அந்தப் பக்கம் மெட்டில்டா அக்காள் வீடு. அவள் புருஷன் கஸ்பார் மச்சாது வள்ளக்காரர். அவர்கள் மாடிக்கம்பத்தில் எப்போதும் ஒரு சிவப்புத் துணி பறக்கும். கரைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் நீளமாக ஒரு பார் கிடக்கிறது, கல் பார். வள்ளம் நுழைய அதில் ஒரே ஒரு இடைவெளி. மாதாகோயில் கோபுரமும் அந்தச் சிவப்பும் ஒன்றன்பின் ஒன்றாக நேரே நின்றால் வள்ளம் வழியில் இருக்கிறது. விலகி நின்றால் அடியில் கல். இது இந்தக் கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அதுவரை அதை யாரும் கொடியாக நினைத்ததில்லை. வானம் போல அதுபாட்டுக்கு இருந்தது. அன்று ஏட்டு ஆவுடையப்பன் ரோந்து வந்தபோது, நான்தான் கேட்டேன்.

"அண்ணாச்சி, அங்கன பறக்கது துணியா, கொடியா?"

வேடிக்கைக்குத்தான். ஆனால் வேடிக்கை என்ற சரக்கு ஏட்டிடம் கிடையாது. வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, கம்பத்தில் இருந்தால் கொடி என்று தீர்ப்புச் சொன்னார். மெட்டில்டா அக்காள் கெஞ்சக் கெஞ்ச அவிழ்த்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். வேடிக்கையாகக் கேட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சர்க்கார் உத்தரவைக் கேலி செய்வதும் குற்றம்தானே.

எஸ்றாவோடு கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் தெருவில் நின்றார்கள். எஸ்றா சொன்னான்:

"ஏலே சங்கரா, சக்கரவர்த்தி சக்கரவர்த்தின்னு வாய் கிழியப் பேசுத. ஒம் மாடியில ஒண்ண ஏத்து, பாப்போம்."

அம்மாவின் பெட்டியில் மஞ்சள் சேலையும் இருந்தது. சிவப்பு தூரத்திலிருந்து நன்றாகத் தெரியும் என்று சிவப்பை எடுத்தேன்.

கட்டி முடிப்பதற்குள் மெட்டில்டா அக்காள் படியேறி வந்துவிட்டாள். காற்று ஏறியிருந்தது. மற்ற வள்ளங்கள் கரையேறிவிட்டன.

"தம்பி, அவுக இன்னும் வரல. ஒண்ணு அத எறக்கு. இல்ல, எங்கிட்ட தா, எங்க கம்பத்துல கட்டுதேன். ஏட்டு என்னயப் புடிச்சிட்டுப் போனாப் போகட்டும்."

இது ஒரு மனிதனின் உரிமை சம்பந்தப்பட்ட விஷயம் என்று பொறுமையாக விளக்கினேன். சர்க்கார் சொல்லி இறக்காதவன் அக்காள் சொல்லி இறக்கினால் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கீழே யாரோ கைதட்டினார்கள். அதற்குப் பிறகு எப்படி இறக்குவது? நீங்களே சொல்லுங்கள்.

"தம்பி, கோபுரம் ஒங்க வீட்டுக்கு நேரா நின்னா, வள்ளத்துக்கு அடியில கல்லுதான்," என்றாள். தன் மாடிக்கு ஓடி, வெறும் கம்பத்தடியில் நின்று முந்தானையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தாள். வெளுத்த நீலம். அந்த நேரத்தில் வானமும் அதே நிறம்.

கஸ்பார் நல்ல கைக்காரர். அந்தக் காற்றிலும் கோபுரத்தைப் பார்த்தார், சிவப்பைப் பார்த்தார், இரண்டையும் சேர்த்துப் பிடித்து வள்ளத்தைத் திருப்பினார். என்னை நோக்கி நேராக வந்தார். வாழ்க்கையில் யாரும் என்னை நம்பி அவ்வளவு நேராக வந்ததில்லை. என் கை முடிச்சின்மேல்தான் இருந்தது. பையன்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வள்ளத்தில் மூன்று பேர். ஒருவர் நீந்திக் கரையேறினார். அவர் கஸ்பார் இல்லை.

நீங்கள் என்மேல் எழுதியிருப்பது துணி ஏற்றிய குற்றம் மட்டும். மற்றதெல்லாம் கடலின் கணக்கு என்கிறீர்கள். அபராதம் கட்டினால் முடிந்தது, ஆனால் அதுவரை ஊரைவிட்டுப் போகக் கூடாது. எங்கே போவேன்? சன்னலைத் திறந்தால் கடல். கதவைத் திறந்தால் சந்து, சந்துக்கு அப்பால் அவள். திட்டினாலாவது பதில் சொல்லலாம். சாயங்காலமானால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறாள். எஸ்றா இந்தப் பக்கம் வருவதில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்: அந்த இரண்டு பேரையும் கொன்றது நான். கடல் இல்லை, ஜப்பான்காரன் இல்லை. ஆனால் இந்தத் தெருவில் உத்தரவுக்கு அடிபணியாத ஒரே ஆளும் நான்தான். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு நிமிஷம் பொறுங்கள், ஐயா. பொழுது சாய்கிறது. மாடியில் என் வேட்டி ஒன்று காய்கிறது, வெறும் வெள்ளை வேட்டிதான். குனிந்தபடியே போய் உருவிக்கொண்டு வந்துவிடுகிறேன். பயம் ஒன்றும் இல்லை. கடலிலிருந்து பார்த்தால் தெரியும், அவ்வளவுதான்.